கண்டக்டர் வீட்டுக்கு ஒரு மூக்கு

பிரான்சிஸுக்கு வாசனை தெரியாது. மல்லிகைப்பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். கொரோனா இரண்டாம் தடவை வந்து ஊரையே படுக்கப் போட்ட வருஷம் அவருக்கும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போகிற போக்கில் மூக்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் மாதம் இரண்டு மாதத்தில் திரும்பிய வாசனை அவருக்கு மட்டும் திரும்பவில்லை. வரும் வரும் என்று பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஒரு கண்டக்டருக்கு இது நேரக்கூடாத சங்கதி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே அரசுப் பேருந்தில் வாழ்நாளெல்லாம் விசில் ஊதியவர் அவர். அந்தத் தடத்தில் அவர் மூக்குக்கு ஒரு பெயரே உண்டு. விக்கிரவாண்டியில் ஏறுகிற ஆள் குடித்திருக்கிறானா இல்லையா என்பதை அவன் படியில் கால் வைக்கும்போதே சொல்லிவிடுவார். கூட்டேரிப்பட்டில் ஏறுகிற அம்மாக்கள் கருவாட்டுக் கூடையை எத்தனை துணி போட்டு மூடிச் சீட்டுக்கு அடியில் தள்ளினாலும், "ஏம்மா, கருவாட்டுக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் போட்டுடலாமா?" என்று கிட்டே வந்து நிற்பார். மூக்கு போன பிறகு அவர் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் கருவாடெல்லாம் ஓசியில்தான் பயணம் செய்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. டெப்போவில் தெரிந்தால் மூக்கறுந்த பிரான்சிஸ் என்று பெயர் வைத்துவிடுவார்கள், ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பெயர் கூடவே வரும்.

தெரிந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். மனைவி சவுரியம்மாளுக்கு. அவளுக்குச் சர்க்கரை வியாதியில் கண் மங்கிக்கொண்டு வந்த நேரம் அது. "போனா போவுது வுடு. நீ எனுக்குக் கண்ணா இரு, நான் உனுக்கு மூக்கா இருக்கேன்" என்றாள். அப்படியே இருந்தாள். பால் தீய்ந்தால் அவள் சொல்வாள். பழைய குழம்பு கெட்டுவிட்டதா என்று அவள் முகர்ந்து பார்ப்பாள். சட்டையைக் கழற்றிப் போடச் சொல்வாள். அவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார், மாத்திரை அட்டையில் இருப்பதைப் படித்துச் சொல்வார். இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வீட்டில் ஒரு ஓவன் இருந்தது. புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றபோது சவுரியம்மாள் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. மேலே நாலு பர்னர் வைத்த அடுப்பு, கீழே கதவு வைத்த ஓவன், இரண்டும் ஒரே உடம்பு. மெக்கானிக்கைக் கூப்பிட்டு நம்ம ஊர் சிலிண்டருக்குத் தோதாக மாற்றிக்கொண்டாள். அதில்தான் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் போடுவாள். தெருவில் சாமி கும்பிடுகிற வீடு, மாதா கோயிலுக்குப் போகிற வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு போகும்.

கண்ணுக்குத் தெரிகிற மேலடுப்பை யாரும் பற்ற வைத்துவிடலாம். இந்த ஓவன் அப்படி இல்லை. அதன் தீ உள்ளே, தகட்டுக்கு அடியில் எரிகிறது. ஒரு பொத்தான் அளவுத் துளை வழியாகத்தான் அதைப் பார்க்க முடியும். எரிகிற தீ அணைந்தால் தானாகக் கேஸை நிறுத்துகிற வசதி அந்தக் காலத்து ஓவனுக்குக் கிடையாது. அது பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் சவுரியம்மாள் சில சட்டங்கள் வைத்திருந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பற்ற வைக்க வேண்டும். முதலில் தீக்குச்சி, அப்புறம்தான் திருகு. திருகைத் திருப்பிவிட்டுக் குச்சியைத் தேடக் கூடாது. ஒரு தரம் பற்றாவிட்டால் மூடிவிட்டு, காற்றாட விட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறு குச்சி. சன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். கதவை மெல்லச் சாத்த வேண்டும், சாத்திய பிறகு துளை வழியாக இன்னொரு தரம் பார்க்க வேண்டும். பார்ப்பது பிரான்சிஸின் வேலை. அவர் பார்த்து, "எரியுது" என்பார். அவள் மூக்கை ஒரு இழுப்பு இழுத்து, "சரி" என்பாள். அப்புறம்தான் இருவரும் நகர்வார்கள்.

அவர் கதவைச் சாத்த வந்தால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "எட்டப் போய்யா. இது பஸ்ஸு கதவு இல்ல, படார்னு அறையறதுக்கு."

போன வருஷம் ஐப்பசி மழையில் சவுரியம்மாள் போய்விட்டாள். ராத்திரி தூங்கினவள் காலையில் எழவில்லை, அவ்வளவுதான். துக்கம் விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை. வாசலில் ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. தெருக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்ததைத் தின்றார். எதைத் தின்றாலும் அவருக்கு இனிப்பு, உப்பு, காரம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த மனிதர் கேஸை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். தினமும் சோப்பு நுரையைத் தொட்டு டியூபிலும் ரெகுலேட்டரிலும் தடவி, குமிழி வருகிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். சமைத்து முடித்ததும் சிலிண்டரை மூடுவார். மூடிவிட்டு வாசல் வரை வந்து, சந்தேகம் வந்து, திரும்பிப் போய்ப் பார்ப்பார். இந்தப் பேஜாருக்குப் பயந்தே ஒரு வேளை சமைத்து மூன்று வேளை சாப்பிட்டார். தன் மேல் வியர்வை நாற்றம் அடிக்கிறதோ என்று இன்னொரு பயம். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. அதனால் காலையிலேயே குளித்து, கழுத்து வெளுக்கப் பவுடர் பூசி, போதாதென்று சென்ட்டும் அடித்துக்கொண்டு, யாரும் வராத வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

பெண் ரோஜா ஓசூரில் நர்ஸ். தினமும் போன் செய்வாள், செய்தால் முதல் கேள்வி அதுதான். "அப்பா, சிலிண்டர மூடினியா?" அவளுக்கு அப்பாவைத் தனியாக விட்டிருப்பதில் நிம்மதியே இல்லை. "இந்த கிறிஸ்துமஸுக்கு வர்றேன். ஒக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துடலாம்பா. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்கூட வந்துடு" என்று சொல்லிவிட்டாள். பெண் வீட்டில் போய் மூணாவது மாடியில் உட்கார அவருக்கு இஷ்டமில்லை. இந்த வீட்டில்தான் சவுரியம்மாள் நடந்தாள், இங்கேதான் படுத்தாள். இதையும் விட்டால் அவரிடம் என்ன இருக்கிறது? மூக்கு விஷயம் மட்டும் ரோஜாவுக்குத் தெரிந்தால் பேச்சுவார்த்தையே கிடையாது, அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள். அதனால் அதைப் பொத்திப் பொத்தி வைத்தார்.

டிசம்பர் பிறந்ததும் ஒரு நாள் போனில் ரோஜா, "அம்மா கேக்கு இல்லாம இந்த வருஷமும்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதாள். மனிதருக்குப் பொறுக்கவில்லை. "நான் போடறேம்மா" என்று வாய் தவறி வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் உடம்பு வியர்த்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. மாவும் சர்க்கரையும் அளந்து கொடுத்தது எப்போதும் அவர்தான், அவளுக்குத்தான் தராசு முள் தெரியாதே. பக்குவம் அவருக்குத் தெரியும். கேக்கைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டால், அப்பா தனியாகச் சமாளிப்பார் என்று பெண் ஒத்துக்கொள்ள மாட்டாளா? இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு எல்லாம் செய்துவிடலாம். பக்கத்தில் நிற்க ஒரு மூக்குதான் வேண்டும்.

மூக்குக்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்தபோதுதான் அவர் வீட்டுப் படி ஏறுகிறவர்கள் யாருமே இல்லை என்பது அவருக்கே உறைத்தது. தினமும் வருவது பால்கார அஞ்சம்மாள் ஒருத்திதான். அவளும் கேட்டோடு சரி. சைக்கிளை நிறுத்தி, மதில்மேல் அவர் வைத்த பாத்திரத்தில் ஊற்றிவிட்டு ஒரு பேச்சுப் பேசிவிட்டுப் போவாள். ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம் நிலமும் இரண்டு மாடும் வைத்திருக்கிற குடும்பம். சவுரியம்மாளை அக்கா என்றும் அவரைக் கண்டக்டரு என்றும் கூப்பிடுவாள். ரோஜாவின் போன் நம்பர் அவளிடம் உண்டு. அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி ரோஜாதான் கொடுத்திருந்தாள். ஆகவே அவளிடம் விஷயத்தை உடைத்துச் சொல்ல முடியாது. சொல்லாமல் காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்று இந்தப் புத்திசாலி முடிவு செய்தார்.

ஓவனை ஒத்திகை பார்க்கலாம் என்று நினைத்த காலையில், பால் ஊற்றிவிட்டுக் கிளம்பினவளைப் பிடித்தார்.

"அஞ்சம்மா, ஒரு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போயேன்."

"எதுக்குங்க?"

"சும்மாதான். அடுப்பங்கரை வரைக்கும்."

"அடுப்பங்கரைல இன்னா?"

"ஒண்ணுமில்ல. நீ வந்து சும்மா நின்னாக்கூட போதும்."

அஞ்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மழமழவென்று சவரம் செய்த முகம், கழுத்தெல்லாம் பவுடர், நாலு அடி தள்ளியே மூச்சை அடைக்கிற சென்ட். மனைவி போய் ஒரு வருஷமான ஆள். பாவி மனுஷன் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்தார். "யாருகிட்டயும் சொல்லிக்காத."

"நல்லா இருக்குதுங்க ஒங்க நாயம்" என்றாள் அஞ்சம்மாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டாள்.

மறுநாள் அவள் புருஷன் பெரியதம்பி வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். "கண்டக்டர் சார், வயசுக்கு மரியாத குடுத்துத்தான் பேசிக்கினு இருக்கேன். எங்க வூட்டு பொம்பளய எதுக்கு சார் உள்ள கூப்ட்டீங்க?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. மூக்கு வேலை செய்யவில்லை என்று மூன்றே வார்த்தை. ஆனால் அந்த மூன்று வார்த்தை பெரியதம்பியிடமிருந்து அஞ்சம்மாளுக்கும் அஞ்சம்மாளிடமிருந்து ஓசூருக்கும் எவ்வளவு ஜல்தியாகப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையைப் பார்த்தால் யார்தான் என்ன நினைக்க மாட்டார்கள்? "இனிமே வாணாம் சார்" என்று சொல்லிவிட்டுப் பெரியதம்பி போனார்.

தெருவுக்குப் பேச்சுக்கு ஒரு விஷயம் கிடைத்தால் போதாதா. எதிர்வீட்டு அம்மா அவரைக் கண்டதும் கோலத்தைப் பாதியில் விட்டு உள்ளே போனாள். மாதா கோயிலில் அவர் உட்கார்ந்த வரிசையில் இடம் நிறைய இருந்தது. அஞ்சம்மாள் வந்தாள், ஊற்றினாள், போனாள். சைக்கிள் மணிகூட அடிப்பதில்லை. நாளில் ஒரு தரம் நேரில் அவர் காதில் விழுந்த மனுஷக் குரல் அவளுடையதுதான், அதுவும் நின்றுபோனது. சில நாள் அவர் தன் பழைய தடத்தைத் தானே சொல்லிப் பார்த்துக்கொள்வார். விக்கிரவாண்டியெல்லாம் எறங்கு, கூட்டேரிப்பட்டு எறங்கு. வீட்டில் ஒரு குரல் கேட்க வேண்டுமே என்றுதான். அந்த நாட்களில் பிரான்சிஸ் பட்ட அவமானத்தைவிடத் தனிமைதான் பெரியது. செய்யாத தப்புக்குத் தலைகுனிந்ததைச் சொல்லி அழக்கூட அவருக்கு ஆள் இல்லை.

ரோஜா மறுநாள் வருகிறாள் என்ற நிலையில், இனி யாரையும் எதிர்பார்ப்பதில்லை என்று விடியற்காலையில் எழுந்து மாவைக் குழைத்தார். முந்திரியும் திராட்சையும் போட்டார், சவுரியம்மாள் சேர்க்கிற அளவுக்குப் பட்டையும் சாதிக்காயும் பொடித்துப் போட்டார். வெளியே தூறல், சன்னல் வழியாக ஊதல் காற்று. இந்தக் காற்றில் தீ அணைந்துவிட்டால் என்ன செய்வது என்று சன்னலைச் சாத்தினார், பின்கதவையும் சாத்தினார். அது முதல் தப்பு. மற்றதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஓவன் கதவைத் திறந்து வைத்தார். முதலில் குச்சி, அப்புறம் திருகு. நீலத் தீ வரிசையாக ஓடிப் பற்றிக்கொண்டது. ஓவன் சூடேறும் வரைக்கும் அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்து துளை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். எரிந்தது. சொக்கத் தங்கமாக எரிந்தது. மனசு நிறைந்து கேக் டின்னை உள்ளே தள்ளினார்.

அப்போது கூடத்தில் போன் அடித்தது. ரோஜாதான், வேறு யார். எடுக்கத் தாமதமானால் பயந்துவிடுவாள் என்று எழுந்தார். எழுகிற வேகத்தில் கை தன் பழக்கத்துக்கு ஓவன் கதவை அறைந்தது. ஆயுசெல்லாம் பஸ் கதவு சாத்திய கை, படாரென்று ஒரு சத்தம். சாத்திய பிறகு இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அவர் பார்க்கவில்லை. அப்படி அறைந்ததில் எழுந்த காற்றில் தீ பொசுக்கென்று அணைந்தது.

"அப்பா, சிலிண்டர மூடினியா?"

"எல்லாம் பாத்துக்கினுதாம்மா இருக்கேன். நீ எத்தன மணி வண்டி?"

பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. எந்த வண்டியில் ஏறினால் எங்கே நிற்கும், எந்த டிரைவர் ஓட்டினால் வயிறு குலுங்காது என்று மகளுக்கு விலாவாரியாகச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளே கேஸ் வந்துகொண்டே இருந்தது. அது காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தரையாகப் படுத்து, அடுப்பங்கரையை நிரப்பி, வாசற்படி தாண்டிக் கூடத்துக்கு வந்து அவர் காலடியில் நின்றது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே கலந்து வைத்த நாற்றம், செத்தவனையும் எழுப்பிவிடும் என்பார்கள். பிரான்சிஸ் போனை வைத்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்துக்கொண்டார்.

கூடத்துச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் சவுரியம்மாள் படம். அதற்குக் கீழே தட்டில் ஒரு மெழுகுவர்த்தி. நல்ல சேதி எதுவானாலும் வர்த்தி ஏற்றிவிட்டுத்தான் அவளிடம் சொல்வார். "கேக்கு வெச்சிட்டேன் சவுரி. எரியுது" என்று சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சியை உருவிப் பெட்டியின் மருந்துப் பக்கத்தில் வைத்து உரசப் போனார்.

"பத்த வெக்காதீங்க! நிறுத்துங்க!"

கண்டக்டர் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. பின்னால் எந்த மூலையிலிருந்து யார் நிறுத்து என்று கத்தினாலும் முதலில் கை நின்றுவிடும், ஏன் எதற்கு என்பதெல்லாம் பிறகுதான். பிரான்சிஸின் கை நின்றது. திறந்திருந்த வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மதிலுக்கு வெளியே அஞ்சம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"குச்சியக் கீழ போடுங்க! சுச்சியத் தொடாதீங்க, பேனு கீனு எதுவும் போடாதீங்க! வெளில வாங்க மொதல்ல!"

அவர் குச்சியைப் போட்டார், ஆனால் நகரவில்லை. என்ன நடக்கிறது என்றே அவருக்குப் புரியவில்லை. அஞ்சம்மாள் பாத்திரத்தை மதில்மேல் போட்டுவிட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்றிருந்தவள், கூடத்தைத் தாண்டி நேரே அடுப்பங்கரைக்குள் போனாள். திருகை மூடினாள், குனிந்து ரெகுலேட்டரை மூடினாள், பின்கதவையும் சன்னலையும் விரியத் திறந்துவிட்டாள். திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். இருவரும் தூறலில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"தெரு முன வரிக்கும் நாறுது. நடுக் கூடத்துல நின்னுக்கினு நெருப்புக் குச்சிய ஒரசறீங்க. இன்னா ஆச்சு ஒங்களுக்கு? இந்த நாத்தம் தெரியலையா?"

"தெரியல" என்றார் பிரான்சிஸ்.

"தெரியலயா?"

"எனக்கு எந்த வாசனையும் தெரியாதும்மா. கொரோனால போச்சி. சவுரிதான் எனக்கு..." தெருவில் நின்று பிரான்சிஸ் அழுதார். மனைவியை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அஞ்சம்மாள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அப்போ அன்னிக்கி உள்ள கூப்ட்டது?"

"மோந்து பாக்கறதுக்கு."

"அடக் கடவுளே." அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கோபமும் வந்தது, இரண்டோடும் சேர்ந்து கண்ணீரும் வந்தது. "வாயில இன்னா கொழுக்கட்டயா வெச்சிக்கினு இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்து நின்னுட்டுப் போயிருக்க மாட்டனா? நான் எங்கூட்டு ஆளுகிட்ட சொல்லி, அவரு வந்து கேட்டு... அப்பயும் வாயத் தொறக்கல பாரு. இன்னா மனுசண்ணா நீ!"

ரோஜாவுக்குத் தெரிந்தால் அழைத்துக்கொண்டு போய்விடுவாள் என்று அவர் சொன்னார். "செத்திருந்தா மட்டும் இந்த வூட்டுலயா இருந்திருப்பே?" என்றாள் அஞ்சம்மாள். அவள் தன்னை அண்ணா என்று கூப்பிட்டதை மட்டும் அவர் கவனித்தார்.

நன்றாகக் காற்றாட விட்டு, மூலை முடுக்கெல்லாம் முகர்ந்து பார்த்து, போய்விட்டது என்று அஞ்சம்மாள் உறுதியாகச் சொன்ன பிறகுதான் மறுபடி பற்ற வைத்தார்கள். சன்னல் திறந்தே இருந்தது. கதவை அவள்தான் மெல்லச் சாத்தினாள். அவர் குனிந்து பார்த்து, "எரியுது" என்றார். சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் பக்கத்திலிருந்து ஒரு "சரி" வரும் என்று காத்திருந்தார். அஞ்சம்மாளுக்கு அந்த முறை தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாத்தம் ஒண்ணும் இல்லண்ணா" என்றாள். மற்ற வீட்டுப் பால் தாமதமானாலும் பரவாயில்லை என்று சைக்கிளைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்து, கேக் வெந்து வாசனை மாறுகிற நேரம் பார்த்து, "இப்ப எடு" என்றும் சொன்னாள். "அக்கா செய்யற கேக்கு மாரியே மணக்குது" என்று சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் ரோஜா வந்து பையை இறக்கி வைக்கும் முன்பே பிரான்சிஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குச்சியைப் பெட்டியில் உரசப் போனது வரைக்கும். நர்ஸாகக் கேட்டவள், முடிக்கும்போது மகளாகக் கத்தினாள். "எத்தன வருஷமாப்பா மறைச்சே? அம்மாவும் சேந்துக்கினு? போதும். கெளம்பு. இன்னிக்கே துணியெல்லாம் எடுத்து வெக்கறேன்." தப்பு அவர் மேல். போகத்தான் வேண்டும் போலிருக்கிறது என்று மேஜைமேல் இருந்த கேக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அறையில் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. ரொம்ப நேரமாகியும் சத்தமில்லை. என்ன என்று போய்ப் பார்த்தார். அப்பாவின் துணியை எடுக்கப் போனவள், மேல் தட்டில் இருந்த அம்மாவின் புடவை ஒன்றை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா வாசன அப்படியே இருக்குதுப்பா."

பிரான்சிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு தவறாமல் அந்தப் பீரோவைத் திறந்து அதே புடவையை அவரும் முகத்தில் வைத்துப் பார்ப்பார். வெறும் துணிதான், அவளோடு எல்லாம் போய்விட்டது என்று மடித்து வைத்துவிடுவார். ஒரு வருஷம் அவள் அந்த அறையில்தான் இருந்திருக்கிறாள். அவருக்குத்தான் தெரியவில்லை.

"இருக்குதா?"

"இருக்குது."

"எப்டி இருக்குது?"

"மஞ்சளு. நீலகிரித் தைலம். கொஞ்சம் கேக்குப் பட்ட வாசன. அம்மாவேதான்ப்பா."

"மூடு" என்றார் பிரான்சிஸ் பதறிப்போய். "ஜல்தி மூடும்மா. தீந்துடப் போவுது."

ரோஜா பீரோவை மூடினாள். அவர் துணியை அவள் எடுக்கவில்லை. ஓசூர்ப் பேச்சை அன்றும் எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. பண்டிகை முடிந்து கிளம்புவதற்கு முன்னால் கேஸ் கசிந்தால் கத்துகிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, கேஸ் தரையில்தான் படுக்கும் என்று சுவரில் தாழ்வாக மாட்டச் செய்தாள். ஓவனை அஞ்சம்மாள் பக்கத்தில் இல்லாமல் தொடுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் அப்பாவிடம் சத்தியம் வாங்கினாள்.

இப்போது தினமும் காலையில் அஞ்சம்மாள் பாலை எடுத்துக்கொண்டு உள்ளேயே வருகிறாள். பெரியதம்பியே அவளை அனுப்பி வைக்கிறார். அன்றைக்கு வந்து அப்படிக் கேட்டதற்கு வருத்தப்பட்டு ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையும் கொடுத்துவிட்டார். அவள் அடுப்பங்கரையில் நின்று சத்தமாக ஒரு இழுப்பு இழுத்து, "ஒண்ணும் இல்லண்ணா" என்பாள். பெட்டி ஒன்று இருக்கிறதே என்று அவரும் சொல்வதில்லை, அவளும் நிறுத்துவதில்லை. அவள் போன பிறகு வீடு பழையபடி ஆகிவிடும். மறுநாள் காலை வரை நேரில் பேச ஆள் கிடையாது.

தை பிறந்து ஒரு நாள், கிளம்பினவளைப் பிரான்சிஸ் கூப்பிட்டார். அறை வாசலைக் காட்டினார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

"ரோஜா சொல்லிச்சி. அந்த பீரோல சவுரி பொடவ... இன்னும் இருக்குதான்னு..."

அஞ்சம்மாள் பால் கேனைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வாசற்படியிலேயே நின்று, கதவு மூடின பீரோவின் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்தாள்.

"இருக்குதுண்ணா" என்றாள்.

நிஜமாகத்தான் சொன்னாளா, அவருக்காகச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பிரான்சிஸ் மூக்கை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.